வெட்டாத கல் ஐம்பத்திரண்டு

பழைய உலைச் செங்கற்கள் இரண்டைக் காதருகே கொண்டுபோய் ஒன்றோடொன்று தட்டிப் பார்த்துவிட்டு, வலது கையில் இருந்ததை ஆயாம்மா குவியலிலேயே திரும்ப வைத்தாள்.

"நல்ல கல்லைப் போய் கீழ வைக்கிறீங்களே?" என்றார் பழைய சாமான் கடைக்காரர்.

"விரிசல் இருக்கு."

"எங்க இருக்கு? என் கண்ணுக்குத் தெரியலையே."

"கண்ணுக்குத் தெரியாது, சத்தத்துல தெரியும். நல்ல கல்லு வெண்கலம் மாதிரி பேசும். இதுக்குத் தொண்டை கட்டியிருக்கு."

கடைக்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "டாக்டருங்ககூட நெஞ்சைத் தட்டி இவ்வளவு நேரம் கேட்க மாட்டாங்கம்மா."

ஆயாம்மா சிரிக்கவில்லை. அடுத்த கல்லை எடுத்தாள்.

"இங்க பாருங்க, நேர்க்கல்லுன்னா ஒரு லோடு தர்றேன். பிஸ்கட் கம்பெனி அடுப்புல இருந்து பிரிச்சது. நாலு மூலையும் அப்படியே இருக்கு. நீங்க கேக்கற ஆப்புக்கல்லுக்கு நான் எங்க போறது?"

"நேர்க்கல்லு வீட்டுல இருக்கு. எனக்கு ஆப்புக்கல்லுதான் வேணும்."

"அப்ப இதையே வெட்டிக்குங்க. மெஷின்ல வெச்சா ஒரு கல்லுக்கு ஒரு நிமிஷம். நானே பட்டறையில சொல்லி வெட்டித் தர்றேன், காசுகூட வேணாம்."

"வெட்டின கல்லு வேணாம்."

"ஏன், வெட்டினா கல்லுக்கு வலிக்குமா?"

"கல்லுக்கு வலிக்காது," என்றாள் ஆயாம்மா.

கடைக்காரர் சிரிப்பை நிறுத்தினார். குவியலின் அடியில் கையை விட்டுத் துழாவி மூன்று கற்களை எடுத்து வெளியே போட்டார். ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் மெலிந்த கற்கள். ஆயாம்மா பையிலிருந்து கறுப்பாக ஒரு தகட்டை எடுத்து ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் பொருத்திப் பார்த்தாள். பழைய எக்ஸ்ரே பிலிமைக் கத்தரித்துச் செய்த அளவு அது. வெளிச்சத்தில் பிடித்தால் அதில் இரண்டு விலா எலும்புகள் தெரியும். அட்டையில் செய்த அளவு மழையில் ஊறிப்போனதால், வீட்டில் இருந்தவற்றிலேயே நனையாத பொருளாகப் பார்த்து இதில் வெட்டிக்கொண்டார்கள். மூன்றில் ஒன்றுதான் பொருந்தியது. கூட வந்திருந்த அக்கா மகளிடம் அதை நீட்டி, "இதுல என்ன எழுதியிருக்கு, பாரு" என்றாள். அந்தப் பெண் கல்லில் வேற்றுமொழியில் அச்சடித்திருந்த கம்பெனிப் பெயரை மெதுவாகப் படித்துச் சொன்னாள். ஆயாம்மா தலையசைத்தாள். முப்பத்தொன்றாவது கல் கிடைத்துவிட்டது.

ஆயாம்மாவின் வேலைக்கும் செங்கல்லுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பள்ளிக்கூட வேனில் குழந்தைகளை ஏற்றி இறக்குவதுதான் அவள் வேலை. காலையில் எட்டரை வரை, பிறகு மூன்று மணியிலிருந்து ஐந்து வரை. இடையில் கிடைக்கும் ஆறரை மணி நேரத்தில்தான் அவள் பழைய சாமான் கடைகளையும், மூடிய தொழிற்சாலைகளையும், இடிபடும் சூளைகளையும் சுற்றி வந்தாள். வேனில் பழகிய வாய் எங்கே போனாலும் மாறாது. குவியலின்மேல் ஏறி நிற்கும் கூலியாட்களைப் பார்த்து, "ஒவ்வொருத்தரா இறங்குங்க, தள்ளக்கூடாது" என்பாள். மீசை வைத்தவர்களும் வரிசையாக இறங்குவார்கள்.

கற்கள் வேனில்தான் வீடு வந்து சேரும். இருக்கைகளுக்கு அடியில், குழந்தைகளின் பைகளுக்குப் பின்னால். வேன் ஓட்டுநர் ஆரம்பத்தில் முனகினார். "இது என்ன, பிள்ளைங்க வண்டியா, செங்கல் வண்டியா? பிரேக் போட்டா நாலு தடவை யோசிச்சு நிக்குது."

"நாலு தடவை யோசிச்சு நின்னா நல்லதுதானே. நீங்க ஒரு தடவைகூட யோசிக்கிறது இல்ல," என்றாள். அதன்பிறகு அவர் முனகுவதை விட்டுவிட்டார். போகிற வழியில் எங்காவது இடிபாடு தெரிந்தால் அவரே வண்டியை மெதுவாக்குவார்.

ஒரு விடுமுறை நாளில் பஸ்ஸில் மூன்று மணி நேரம் போய், ஒரு பானைச் சூளையிலிருந்து ஒரே ஒரு கல்லுடன் திரும்பினாள். முனை உடையக்கூடாதென்று துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். நடத்துநர் எட்டிப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "குழந்தை தூங்குதா?" என்று கேட்டார். ஆயாம்மாவும் குரலைத் தாழ்த்தி, "இப்பதான் தூங்குச்சு" என்றாள்.

இத்தனையும் ஆயாம்மாவின் வீட்டுக்காரருக்காக. தெருவில் அவரைக் கொத்தனார் என்பார்கள். ஆனால் அவர் வீடு கட்டிய கொத்தனார் இல்லை. இருபத்தெட்டு வருடம் உலை கட்டியவர். கண்ணாடித் தொழிற்சாலை, இரும்பு வார்ப்படம், சுண்ணாம்புக் காளவாய் என்று எங்கே உலையின் உட்சுவர் தேய்ந்து போனாலும் அவரை அழைப்பார்கள். உலையை அணைத்து ஆறவிட்ட பிறகு உள்ளே இறங்குவார். பழைய கல்லைப் பெயர்ப்பார், புதுக் கல்லை அளவுக்கு வெட்டி வைப்பார். வெட்டும்போது உள்ளே பனிமூட்டம்போல் தூசி நிற்கும். எதிரில் இருப்பவரின் கைவிளக்குத்தான் தெரியும், ஆள் தெரியாது. மூக்கில் கட்டிய துணியை மாலையில் உதறினால் அது தானாகவே நிற்கும் என்று பெருமையாகச் சொல்வார்.

அந்தத் தூசி இப்போது அவருடைய நெஞ்சில் இருக்கிறது. மருத்துவர் படத்தை விளக்கொளியில் மாட்டி வெள்ளைப் புள்ளிகளைக் காட்டியபோது கொத்தனார் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நெஞ்சுக்குள்ளயும் ஒரு சுவர் வெச்சுக் கட்டிட்டேன் போல. நம்ம வேலைதான், நல்லாத்தான் இருக்கு" என்றார். மருத்துவருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. ஆயாம்மா படத்தை வாங்கி உறையில் போட்டாள்.

கட்டிலிலிருந்து ஜன்னலுக்குப் பதினோரு அடி. நல்ல நாளில் கொத்தனார் அதை ஒரே மூச்சில் நடப்பார், மற்ற நாட்களில் நடுவில் ஒரு நாற்காலி வேண்டும். பக்கத்தில் ஆக்ஸிஜன் இயந்திரம் இரவும் பகலும் முனகிக்கொண்டிருக்கும். மழை பெய்த ஒரு மத்தியானம், பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்று ஆயாம்மா கேட்டாள், "உலை எரியறப்ப உள்ள எப்படிங்க இருக்கும்?"

"யாருக்குத் தெரியும்?" என்றார் அவர். "நான் பார்த்ததில்ல."

"பார்த்ததில்லையா? இருபத்தெட்டு வருஷமா அதைத்தானே கட்டினீங்க?"

"கட்டினவனை யாரு பத்த வைக்கிற வரைக்கும் நிறுத்தி வைக்கிறான்? ஈரம் காயறதுக்குள்ள அடுத்த ஊருக்கு லாரி ஏத்திடுவான். உள்ள கரி படிஞ்சு கறுப்பா இருக்குமாம். சூடு ஏற ஏற அந்தக் கறுப்பு உச்சியில இருந்து தானா எரிஞ்சு போய், கல்லு வெளுத்து வருமாம். உலைக்காரங்க சொல்லுவாங்க. நான் பார்த்ததெல்லாம் குளிர்ந்த உலைதான்."

கல்யாணமாகி இருபத்தாறு வருடம். இது அவளுக்குத் தெரியாது. மறுநாள் காலையில் வேனில் ஏறும்போதே ஓட்டுநரிடம், "சூடு தாங்கற தீச்செங்கல் எங்க கிடைக்கும்?" என்று கேட்டாள்.

ரொட்டி சுடுகிற அளவில் ஒரு விறகு அடுப்பு. பின்கட்டில், கொத்தனாரின் ஜன்னலுக்கு நேர் எதிரே, வாய் ஜன்னலைப் பார்த்தபடி. புகை அவர்மேல் படக்கூடாது என்பதால் ஜன்னலுக்குத் திறக்காத கண்ணாடி. புகைபோக்கி கூரைக்கு மேலே ஆறடி. கொத்தனார் செய்தித்தாளின் ஓரத்தில் பென்சிலால் படம் போட்டுத் தந்தார். ஆயாம்மா வைத்தது ஒரே நிபந்தனை. ஒரு கல்லையும் வெட்டக்கூடாது, கடையிலும் கூடாது, வீட்டிலும் கூடாது.

"வளைவு வருதே, வெட்டாம எப்படி?"

"அதை நீங்க யோசிங்க. இந்த வீட்டுக்குன்னு எவனாவது ஒரு கல்லை வெட்டினா நான் எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்."

"போ. போற வழியில ரெண்டு ஆப்புக்கல்லு கிடைச்சா எடுத்துட்டு வா."

அப்படித்தான் ஆப்புக்கல் என்ற சொல் அவள் வாழ்க்கையில் நுழைந்தது. அவற்றை அடுத்தடுத்து நிறுத்தினால் வெட்டாமலே வளைவு வந்துவிடும். வளைவுக்குப் பதின்மூன்று, நான்கு வளைவு, ஆக ஐம்பத்திரண்டு. வழக்கமாக ஒரு வரிசையின் இணைப்பு அடுத்த வரிசையின் இணைப்போடு சேராதபடி மாற்றி மாற்றி வைப்பார்கள். அதற்கு அரைக்கல் வேண்டும், அரைக்கல்லுக்கு வெட்ட வேண்டும். அதனால் நான்கு வளைவுகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, ஆனால் தனித்தனியாக நிற்கட்டும் என்று முடிவாயிற்று. கொத்தனாருக்கு அது மானப் பிரச்சினை. "எந்தக் கொத்தனாராவது பார்த்தா காறித் துப்புவான்" என்றார்.

"துப்பட்டும். தூசி அடங்கும்," என்றாள்.

ஆயாம்மா இரண்டு வருடத்தில் தீச்செங்கல்லைப் பற்றிக் கற்றுக்கொண்டதை ஒரு புத்தகமாகப் போடலாம். பச்சையாகக் கண்ணாடி வழிந்ததுபோல் இருக்கும் கல்லைத் தொட மாட்டாள், உலோகம் உருக்கிய உலையில் இருந்தது, சோற்றுக்கு ஆகாது. மஞ்சளாக, ரஸ்க் நிறத்தில் இருந்தால் எடுத்துத் தட்டுவாள். மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு அது எவ்வளவு நேரத்தில் இழுக்கிறது என்று பார்ப்பாள். பூசுவதற்கான களிமண்ணை மூட்டையில் பொடியாக வாங்க மறுத்தாள். பானை செய்கிறவரிடம் ஈரமாகவே வாங்கி, ஈரச் சாக்கில் சுற்றி, தினம் காலையில் தண்ணீர் தெளித்தாள். பக்கத்து வீட்டுக்காரி, "என்ன செடி வளர்க்கிறீங்க?" என்று கேட்டதுண்டு. தளத்துக்கு அடியில் சூடு இறங்காமல் இருக்கக் காலி பாட்டில்களைப் படுக்க வைத்து மணல் நிரப்ப வேண்டும். அதற்காகத் தெருவில் பாட்டில் கேட்டு அலைந்தாள். கொத்தனார் குடிக்க ஆரம்பித்துவிட்டார் என்று ஒரு வதந்தி கிளம்பி, அவரைப் பார்க்க இரண்டு பழைய நண்பர்கள் ஆசையாக வந்து, ஏமாந்து போனார்கள்.

நாற்பத்தெட்டு கல் சேர்ந்தது. அதோடு நின்றது.

நான்கு மாதம் ஒரு ஆப்புக்கல்கூடக் கண்ணில் படவில்லை. கிடைத்தவை அளவில் சேரவில்லை. அக்கா மகள், கல்லில் இருந்த பெயரை வைத்து அதைச் செய்யும் கம்பெனியைக் கண்டுபிடித்து, அவர்கள் மொழியில் ஒரு கடிதம் எழுதினாள். நான்கு கல் மட்டும் போதும் என்று எழுதினாள், காரணத்தையும் எழுதினாள். பத்து நாளில் பதில் வந்தது. ஆயாம்மா அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"மரியாதையா எழுதியிருக்காங்களா?"

"ரொம்ப மரியாதையா எழுதியிருக்காங்க, சித்தி."

"அப்ப குடுக்க மாட்டாங்க."

அறுநூறு கல்லுக்குக் குறைந்து விற்பதில்லையாம்.

அந்தச் சமயத்தில்தான் கொத்தனாருக்கு நாற்காலி இரண்டாகியது. பதினோரு அடிக்கு இரண்டு முறை உட்கார்ந்தார். குளிர்காலம் வருகிறது, அதை எப்படித் தாண்டுகிறார் என்று பார்ப்போம் என்று மருத்துவர் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் கொத்தனார் மெதுவாக ஆரம்பித்தார்.

"நாலே நாலு கல்லும்மா. நேர்க்கல்லை எடுத்து ஒரு பக்கம் சாய்வா சீவினாப் போதும். நாலு கல்லுல என்ன வந்துடப் போகுது?"

"முதல்ல நீங்க வெட்டினதும் நாலு கல்லாத்தான் இருந்திருக்கும்," என்றாள் ஆயாம்மா.

அவர் அதற்குப் பிறகு பேச்சை எடுக்கவில்லை. அவளும் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு முன்னைவிட வேகமாக அலைந்தாள். வேனை விட்டு இறங்கியதும் கிளம்பிவிடுவாள், வேனில் ஏறும் நேரத்துக்குத்தான் திரும்புவாள். குளியலறைச் சாக்கடையில் வெளிறிய மஞ்சளாக ஏதோ படிந்திருந்ததை இரண்டொரு முறை பார்த்தாள். சோப்பு என்று நினைத்தாள். ஒருநாள் குனிந்து விரலால் தொட்டுத் தேய்த்தாள். சோப்பு வழுக்கும், இது நறநறத்தது.

அடுத்த நாள் அவள் கல் தேடிப் போகவில்லை. வேனை விட்டு இறங்கி, தெருமுனையில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தாள். ஆக்ஸிஜன் குழாய் கட்டிலைத் தாண்டி, நிலைப்படியைத் தாண்டி, குளியலறைக்குள் இழுத்த இழுப்பில் நீண்டிருந்தது. கொத்தனார் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். முன்னால் பெரிய தொட்டி. தண்ணீருக்குள் உடைந்த சாணைக்கல் ஒன்றை வைத்து, அதன்மேல் ஒரு செங்கல்லை வைத்து, முழங்கை வரை நீரில் விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரு தள்ளு தள்ளுவார். பிறகு நெற்றியைத் தொட்டி விளிம்பில் சாய்த்துக்கொண்டு மூச்சு வாங்குவார். பிறகு இன்னொரு தள்ளு. முடிந்த மூன்று கற்கள் பழைய வேட்டித் துணியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் இருந்ததை அவள் பிறகுதான் பார்த்தாள்.

"தூசி இல்லம்மா," என்றார் அவளைப் பார்த்ததும். "நீயே பாரு. ஒரு பொட்டுத் தூசி கிடையாது. எல்லாம் தண்ணிக்குள்ளேயே."

"தண்ணி காஞ்சா?"

கொத்தனார் கைகளை நீரிலிருந்து வெளியே எடுத்தார். இருபத்தெட்டு வருடம் கல்லோடு இருந்தவர். இந்த ஒன்றை அவர் யோசித்திருக்கவில்லை.

அவரைத் தோளில் தாங்கிக் கட்டிலில் கொண்டுவந்து உட்கார வைத்தாள். பிறகு குளியலறையை மூன்று முறை கழுவினாள். சாக்கடையில் தெருவரைக்கும் தண்ணீர் விட்டாள். அவருடைய சட்டையையும் துண்டையும் காயப்போடவில்லை, ஈரத்தோடே குழி தோண்டிப் புதைத்தாள். அதன்பிறகு மூன்று நாள் அவள் பேசவில்லை. தட்டு வைக்கும் சத்தமும், மாத்திரை அட்டை கிழியும் சத்தமும்தான் வீட்டில் கேட்டன. வேனிலும் பேசவில்லை. "ஆயாம்மா திட்டாம வண்டி ஓட்டவே வரமாட்டேங்குது" என்று ஓட்டுநர் அக்கா மகளிடம் சொன்னாராம்.

நான்காம் நாள், அவருக்குத் தலை வாரிக்கொண்டிருக்கும்போது கேட்டாள். "ஒரு கல்லுக்கு எத்தனை நாள் ஆச்சு?"

"பன்னெண்டு."

"ஒவ்வொண்ணுக்குமா?"

"ஒவ்வொண்ணுக்கும்தான். கடைசிக் கல்லு இன்னும் கொஞ்சம் பாக்கி. ஒரு நூல் கனம்."

அவள் வாரிக்கொண்டே கணக்குப் போட்டாள். அவள் நான்கு கல் தேடி ஊரெல்லாம் சுற்றிய நாட்கள் அவை. அவள் தேடப் போனதால்தான் அவருக்கு அந்த நேரம் கிடைத்தது.

அந்தக் கடைசிக் கல்லை ஆயாம்மாவே தேய்த்து முடித்தாள். வீட்டில் அல்ல. வேன் ஓட்டுநரோடு போய், வேன் கழுவுகிற ஆற்றங்கரையில், முழங்கால் வரை நீரில் நின்று தேய்த்தாள். ஒரு நூல் கனம் குறைக்க இரண்டு மணி நேரம் பிடித்தது. கரைக்கு வந்தபோது அவளால் விரல்களை மடக்க முடியவில்லை.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அடுப்பு எழும்பியது. வளைவு நிற்கும்வரை கல்லைத் தாங்கப் பலகையை வளைத்துச் சாரம் செய்தவர் ஓட்டுநர், கல் வைத்தவள் ஆயாம்மா. கொத்தனார் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, உள்ளங்கையைச் சாய்த்தும் நிமிர்த்தியும் உத்தரவு போட்டார். ஒவ்வொரு வளைவிலும் இரு பக்கமும் ஆறு ஆறாக ஏறி வந்து, உச்சியில் ஒரு கல்லுக்கு இடம் மிஞ்சும். அந்தக் கல் இறங்கினால்தான் மற்ற பன்னிரண்டும் தாங்களாக நிற்கும். அந்த நான்கு இடத்துக்கும் ஆயாம்மா, கட்டிலுக்கு அடியில் துணியில் இருந்த மூன்றையும் ஆற்றில் தேய்த்து முடித்த நான்காவதையும் எடுத்தாள். அளவு மயிரிழையும் பிசகவில்லை. மரச்சுத்தியலால் அவள் தட்டி இறக்கிய ஒவ்வொரு முறையும் ஜன்னலுக்குப் பின்னால் கொத்தனார் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

அதன்பிறகு சனிக்கிழமை வரை காற்றில் உலரவிட்டு, அன்றிலிருந்து ஏழு நாள் சிறு தீ. முதல் நாள் ஒரு கைப்பிடிச் சுள்ளி, மறுநாள் இரண்டு. அவசரப்பட்டால் கல்லுக்குள் இருக்கும் ஈரம் வழி கிடைக்காமல் வெடிக்கும் என்று கொத்தனார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்த ஏழு நாளும் அவர் ஜன்னலுக்கு வரவில்லை. "அது தீ இல்ல, காய வைக்கிறது" என்றார். எட்டாம் நாளுக்காகத் தன் நடையைச் சேமித்து வைத்தார்.

எட்டாம் நாள் சனிக்கிழமை, மாலை நான்கு மணி. ஆயாம்மா கொடியில் ஒரு ஈரத் துணியைத் தொங்கவிட்டுக் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தாள். ஜன்னல் சட்டத்தின் இடுக்குகளில் துணி அடைத்தாள். கொத்தனாரை நாற்காலியில் உட்கார வைத்துப் போர்த்திவிட்டு, வெளியே வந்து விறகு வைத்தாள். தீ பிடித்தது. புகை நேரே மேலே ஏறிக் கூரையைத் தாண்டிப் போயிற்று. வளைவின் உட்புறம் முழுக்கக் கரி படிந்து, உள்ளே இருட்டு அறைபோல் ஆனது. ஆயாம்மா ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டை போட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியும் கறுப்பு கறுப்பாகவே இருந்தது. அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள்.

கண்ணாடியில் வானம் தெரிந்தது. கீழே அடுப்பின் வாய் தெரிந்தது. தானும் ஒரு நிழலாகத் தெரிந்தாள். உள்ளே இருப்பவர் தெரியவில்லை. இரண்டடி தள்ளி நின்று பார்த்தாள், கண்களுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள். எங்கே நின்றாலும் தீதான் தெரிந்தது. அவரைப் போய்ப் பார்க்கவும் முடியாது. இந்த நேரத்தில் கட்டை போடும் கை நின்றால் சூடு இறங்கிவிடும், திரும்ப ஏற்ற இன்னொரு மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரம் அவரால் உட்கார்ந்திருக்க முடியாது.

அப்போது வளைவின் உச்சியில், உள்ளங்கை அகலத்துக்கு, கரி கலைந்து வெளுப்பாக ஓர் இடம் தெரிந்தது. அது பார்த்துக்கொண்டிருக்கும்போதே அகன்றது.

ஆயாம்மா கையிலிருந்த கட்டையைக் கீழே வைக்காமலே, பின்னால் நின்றிருந்த அக்கா மகளின் முதுகில் மறு கையை வைத்து வீட்டுப் பக்கம் தள்ளினாள்.

"நீ உள்ள போ, சீக்கிரம். உங்க சித்தப்பா பக்கத்துல உட்காரு. தீயைப் பார்க்காத, அதை நான் பார்த்துக்கறேன். நீ அவர் முகத்தையே பாரு. பார்த்துட்டு வந்து, எப்படி இருந்துச்சுன்னு எனக்கு ஒண்ணு விடாம சொல்லணும்."